குறி போடாத பாட்டில்

நிவெஸ் அந்த வாரம் முழுக்க ஒரே காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினாலும் அதுதான், குதிரைக்குச் சேணம் கட்டினாலும் அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை, எதையோ எடுக்க நிலவறைக்குப் போனவள் படியிலேயே நின்றுவிட்டாள். கீழே பீப்பாய்களுக்கு நடுவில் அவள் புருஷன் ஃபோஸ்கோ. அவனை ஒட்டினாற்போல் அவளுடைய சொந்தத் தங்கை மிரெல்லா. மிரெல்லா கையிலிருந்த ஒயின் கிளாஸை முகர்ந்தாள். அவன் காதோரம் குனிந்து என்னவோ சொன்னாள். அவன் தலையாட்டினான். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் சட்டென்று விலகினார்கள்.

அப்படி விலகினார்கள் பாருங்கள், அதுதான் நிவெஸைக் கொன்றது. தப்பில்லாதவர்கள் எதற்கு விலகவேண்டும்?

புருஷன் விட்டுவிட்டுப் போனான் என்று லிவோர்னோ நகரத்தில் ஒற்றை அறையில் அழுதுகொண்டிருந்த மிரெல்லாவை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேன் எடுத்துக்கொண்டு போய் தங்கள் ஊரான ஸ்கான்சானோவுக்குக் கூட்டி வந்ததே நிவெஸ்தான். "என் வீடு உன் வீடு" என்று சொன்னதும் அவள்தான். ஃபோஸ்கோவுக்கு ஒயின், நிவெஸுக்குக் குதிரைகள், மிரெல்லாவுக்கு அடுப்படி என்று வேலை பிரிந்தது. சனி ஞாயிறில் ஆட்கள் வருவார்கள். காலையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே குதிரைச் சவாரி, மதியம் பந்தலடியில் சாப்பாடும் ஒயினும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரியில் ஃபோஸ்கோ ஒயின் தொட்டியின் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தான். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் நிவெஸ் இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பத்து நாளில் கட்டைப் பிரித்தார்கள், காயம் ஆறிவிட்டது. மனுஷன்தான் திரும்பி வரவில்லை. சாயங்காலம் லாயத்துப் பக்கம் வருவது நின்றது. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது ஆரம்பித்தது. இருபத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் நிவெஸ் பார்க்காத முதுகு அது.

இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று சனிக்கிழமை காலையில் முடிவு செய்தாள். சவாரிக்காரர்கள் போனதும், இரண்டு பேரையும் நிற்கவைத்து, நேராக.

*

ஆறு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் வந்திறங்கினார்கள். போல்ட்ஸானோவிலிருந்து வந்த நரைத்த தலை அம்மாள் கெர்ட்ராவுட், சொல்லாமல் கொள்ளாமல் தன் மருமகப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள்.

"குதிரை இருக்கு சிஞ்ஞோரா, கவலைப்படாதீங்க," என்றாள் நிவெஸ். "சாப்பாட்டுக்கும் தங்கச்சி பாத்துக்குவா."

பொலோன்யாக்காரர் அத்தீலியோவை ஏற்றத்தான் பெரும்பாடாகப் போயிற்று. பல் டாக்டராம். மனுஷன் நல்ல பருமன். மூன்று தடவை அங்கவடியில் கால் வைத்து மூன்று தடவையும் தரைக்கே திரும்பினார்.

"நான் ஏறுறதுக்குள்ள குதிரைக்கு வயசாயிடும் போலருக்கே!"

"அதுக்கு ஏற்கெனவே பத்தொம்போது ஆச்சு. அதனாலதான் அதை உங்களுக்குக் குடுத்தேன். ஓடச் சொன்னாக்கூட ஓடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நிவெஸும் சிரித்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு முகத்தை மாற்றிக்கொள்ளத் தெரியும்.

செப்டம்பர் பாதி. கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கின திராட்சைகள். தூரத்தில், சரிவு முடிகிற இடத்தில், கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. திங்கட்கிழமை அறுவடை. நிவெஸ் குதிரை மேலிருந்தே ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டாள், கொட்டையைக் கையில் துப்பிப் பார்த்தாள். பழுப்பாகியிருந்தது, பழம் பதத்துக்கு வந்துவிட்டது. வேறு வருஷமாக இருந்தால் இதை ஓடிப்போய் ஃபோஸ்கோவிடம் காட்டியிருப்பாள்.

பின்னால் அத்தீலியோ ஒரு கொத்தையே பறித்துக்கொண்டிருந்தார்.

"பறிக்காதீங்க சிஞ்ஞோர். உங்களப் பாத்துக் குதிரையும் கத்துக்கும்."

"ஒண்ணே ஒண்ணுதாங்க. ஆமா, ஒயின் போடுறது உங்க வீட்டுக்காரராமே? கொடுத்து வெச்சவங்க நீங்க."

"ஆமா," என்றாள் நிவெஸ். "ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லுது."

கெர்ட்ராவுட் அம்மாள் அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. சில பேருக்கு அந்த நாகரிகம் உண்டு.

*

பந்தலடியில் மேஜை தயாராக இருந்தது. உப்பில்லாத ரொட்டி, காட்டுப்பன்றி சலாமி, ஆட்டுப்பால் சீஸ், முட்டை உடைத்து ஊற்றிய காய்கறி சூப். மிரெல்லாவின் கை மணத்தில் குறையே சொல்ல முடியாது. அது வேறு நிவெஸுக்கு இன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

வரிசையாக நான்கு பாட்டில்கள். நான்கின் தோளிலும் சுண்ணக்கட்டியால் சின்னதாக ஒரு கோடு. பல மாதமாகவே அந்தக் கோடு இருக்கிறது. மிரெல்லா காலையிலேயே பாட்டில்களைத் திறந்து, மறுபடி தக்கையைச் செருகி வைப்பாள். ஒயின் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று செய்வதாக நிவெஸ் நினைத்திருந்தாள். குதிரைக்காரிக்கு நிலவறை விவகாரம் என்ன தெரியும்?

ஃபோஸ்கோ ஆரம்பித்தான். இந்த ஒன்றை மட்டும் அவன் விடவில்லை. முதலில் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஒயின் ஊற்றி ஒரு சுழற்று, அதையே அடுத்த கிளாஸுக்கு மாற்றி இன்னொரு சுழற்று. அப்படியே எல்லாக் கிளாஸையும் ஒயினாலேயே கழுவிவிட்டு, கடைசிக் கிளாஸை மூக்கில் வைத்துக் கண்ணை மூடுவான். மேஜையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அவன் தலையாட்டினால்தான் அடுத்தவர்களுக்கு ஊற்றுவது. வீட்டுக்காரன் முகர்ந்து சரி சொல்லாத ஒயினை விருந்தாளிக்குக் கொடுப்பது அந்தப் பக்கத்தில் வழக்கமே இல்லை.

இன்றைக்கு நிவெஸ் ஒயினைப் பார்க்கவில்லை, அவன் கண்ணைப் பார்த்தாள். ஒவ்வொரு பாட்டிலை எடுக்கும்போதும் அந்தக் கண் அடுப்படி வாசலுக்குப் போய்வந்தது. அங்கே மிரெல்லா நின்றாள். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு தலையசைப்பு.

'என் மேஜையிலேயா?' என்று நிவெஸ் மனசுக்குள் கறுவினாள்.

ஏழு பேர், அதிலும் அத்தீலியோ இரண்டு பேருக்குச் சமம். சூப் முடிவதற்குள் நான்கு பாட்டிலும் காலி.

"அந்தக் கடைசி ஒயின் இன்னும் ஒரு சொட்டு கிடைக்குமா?" என்றார் அத்தீலியோ.

"ஒரு சொட்டு என்ன, ஒரு பாட்டிலே தரேன்," என்று நிவெஸ் எழுந்து நிலவறைக்குப் போனாள்.

படி இறங்குவதற்குள் மிரெல்லா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, நில்லு! நான் எடுத்துட்டு வரேன்."

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"அதுக்கில்ல... குறி போட்ட பாட்டில்தான் வெளிய போகணும். ஒரு அஞ்சு நிமிஷம் குடு, நான் தொறந்து பாத்து..."

"என் வீட்டு பாட்டில எடுக்க உங்கிட்ட உத்தரவு வாங்கணுமாடி?"

நிவெஸ் கீழே இறங்கி, அடுக்கிலிருந்து கைக்கு வந்ததை உருவிக்கொண்டு மேலே போனாள். ரோஷம் வந்துவிட்டால் அவள் யார் பேச்சையும் கேட்கமாட்டாள்.

*

பாட்டிலை ஃபோஸ்கோ முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"தொற."

அவன் பாட்டிலின் தோளைப் பார்த்தான். அடுப்படி வாசலைப் பார்த்தான். மிரெல்லா மெதுவாக, இடதும் வலதுமாகத் தலையை ஆட்டினாள். அதை நிவெஸ் கவனித்தாள்.

"என்ன யோசனை? விருந்தாளிங்க காத்திருக்காங்க."

அவன் திறந்தான். கிளாஸ்களை ஒயினால் கழுவினான். கடைசிக் கிளாஸை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினான். வழக்கத்தைவிட நீளமாக.

"ஆகா," என்றான். "செர்ரிப் பழம். அதுக்குப் பின்னால கொஞ்சம் வயலட் பூ. பிரமாதமா வந்திருக்கு."

எல்லோருக்கும் ஊற்றினான். கெர்ட்ராவுட் அம்மாள் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள், உடனே கீழே வைத்தாள். அவள் மருமகப் பெண் கைக்குட்டையை எடுத்து வாயை ஒற்றினாள். அத்தீலியோ ஒரு மடக்குக் குடித்துவிட்டு, விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மன்னிக்கணும்," என்றாள் அந்த அம்மாள் மெல்ல. "எனக்கு மட்டும்தானா தெரியல. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை அடிக்கிற மாதிரி..."

ஃபோஸ்கோ சிரித்தான். "அது எங்க மண்ணு வாசம், சிஞ்ஞோரா. போகப் போகப் பழகிடும்." சொல்லிவிட்டுத் தன் கிளாஸை அப்படியே குடித்தான்.

நிவெஸ் கிளாஸை எடுத்து முகர்ந்தாள். குப்பென்று அடித்தது. தக்கை கெட்டு, உள்ளே இருந்த ஒயினையும் கெடுத்திருக்கிறது. மழையில் நனைந்து பரணில் கிடந்த பழைய பேப்பர் நாற்றம். இதைக் கண்டுபிடிக்க நிபுணன் வேண்டாம், ஜலதோஷம் பிடித்தவன்கூடக் கண்டுபிடிப்பான்.

அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. வீம்பு பிடிக்கவும் இல்லை. அவன் கண்கள் ஒவ்வொரு முகமாகத் தாவிக்கொண்டிருந்தன. தன் கிளாஸில் என்ன இருக்கிறது என்பதை மற்றவர்கள் முகத்தில் தேடிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஏணி, பின்மண்டை அடி, சுண்ணக்கட்டிக் கோடு, நிலவறையில் மிரெல்லா முகர்ந்து பார்த்து அவன் காதில் சொன்னது. அவனுக்கு மூக்கு போய்விட்டது. திங்கட்கிழமை அறுவடை, ஒயின் போடுகிறவனுக்கு மூக்கு இல்லை.

மேஜை மொத்தமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கணம் போனால் அவன் உடைந்துவிடுவான்.

நிவெஸ் படபடவென்று கை தட்டினாள்.

"ஜெயிச்சிட்டீங்க சிஞ்ஞோரா! வர்றவங்கள்ல யாருக்கு மூக்கு இருக்கு, யாரு சும்மா தலையாட்டுறாங்கன்னு பாக்க, ஒவ்வொரு தடவையும் ஒரு கெட்ட பாட்டில வெப்போம். போன வாரம் எட்டுப் பேர், ஒருத்தரும் வாயத் தொறக்கல. பூராத்தையும் குடிச்சிட்டுப் போனாங்க!"

சிரிப்பு வெடித்தது. அத்தீலியோ அவசரமாகத் துப்பிவிட்டு, "எனக்கும் தெரிஞ்சுது! மரியாதைக்குத்தான் சும்மா இருந்தேன்!" என்று மார்தட்டினார். கெர்ட்ராவுட் அம்மாளுக்குப் பரிசாக ஒரு நல்ல பாட்டில் வந்தது. தோளில் கோடு போட்டு, மிரெல்லாவின் கையால்.

ஃபோஸ்கோவும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நிவெஸால் பார்க்க முடியவில்லை.

*

நாலு மணிக்குக் கார்கள் கிளம்பின. பந்தலடியில் மூன்று பேரும் எச்சில் கிளாஸ்களும் மட்டும் மிச்சம்.

நிவெஸுக்கு முதலில் வந்தது கோபமே இல்லை. சிரிப்புதான் வந்தது. ஒரு வாரமாக என்னென்னவோ நினைத்துச் செத்தாளே! ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்து, பின்மண்டையில் தழும்பு இருந்த இடத்தில் முத்தம் கொடுத்தாள்.

"பாவி! இதுக்காடா என் பக்கம் திரும்பாம கெடந்த? நான் என்னென்ன நெனச்சேன் தெரியுமா? எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அவன் தலையை அவள் கையிலிருந்து விடுவித்துக்கொண்டான்.

"டாக்டரப் பாத்தியா?"

"சியெனாவுல பாத்தேன். நரம்பு அறுந்து போச்சாம். வந்தா வரலாம், அனேகமா வராதாம். நாக்குல இனிப்பு, புளிப்பு, கசப்பு தெரியுது. மத்ததெல்லாம் தண்ணிதான்."

"சியெனாவுக்கு யாரு கூட வந்தா?"

மிரெல்லா கிளாஸ்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"வெச்சிட்டு நில்லுடி. எப்ப சொன்னான் உங்கிட்ட?"

"பிப்ரவரில, அக்கா."

நிவெஸ் விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. ஏழு மாசம். ஏழு மாசமாக அவன் சுவரைப் பார்த்தும் தான் அவன் முதுகைப் பார்த்தும் படுத்திருந்தது அவளுக்கு இப்போதுதான் முழுசாக உறைத்தது. முத்தம் கொடுத்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில உன் பக்கத்துல உக்காந்திருந்தது நான். உனக்குச் சூப் ஊட்டினது நான். சொன்னது மட்டும் அவகிட்டயா?"

"நிவெஸ், அது தானா வந்திடுச்சு. வெங்காயம் தீஞ்சு அடுப்படியே புகையா கெடந்துது. எனக்கு ஒண்ணும் தெரியல, பக்கத்துலதான் நின்னேன். அவ கண்டுபிடிச்சிட்டா. கேட்டா. சொல்லிட்டேன்."

"சரி. மறுநாள் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே? அதுக்கு மறுநாள்?"

ஃபோஸ்கோ நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு அவன் அவள் கண்ணைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இப்ப மேஜையில என்ன பண்ணின? ஒரே நிமிஷத்துல என்னைத் தூக்கி நிறுத்திட்ட. கை தட்டி, எல்லாரையும் சிரிக்க வெச்சு... நீ அப்படித்தான். நீ எதையும் விழ விடமாட்ட. உங்கிட்டச் சொல்லியிருந்தா மறுநாளே என்னை ரோமுக்கு இழுத்திட்டுப் போயிருப்ப, மிலானுக்கு இழுத்திட்டுப் போயிருப்ப. எனக்கு விழணும் போல இருந்துது நிவெஸ். கொஞ்ச நாள் கீழயே கெடக்கணும் போல இருந்துது. அவகிட்ட கெடக்க முடிஞ்சுது."

"கெடக்க முடிஞ்சுதா?"

"நீ நெனக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல."

இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு முத்தம், ஒரு படுக்கை என்றால் கத்தலாம், சட்டியை எடுத்து எறியலாம், அப்புறம் ஒருநாள் மன்னிக்கவும் மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது? தன் வாழ்க்கையிலேயே பெரிய துக்கம் வந்தபோது மனுஷன் கதவைத் தட்டினான். தட்டியது இன்னொருத்தியின் கதவை.

மிரெல்லா அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, நான் போயிடறேன். லிவோர்னோவுக்கே போயிடறேன். நாளைக்குக் காலையிலயே."

நிவெஸ் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அடிக்கவும் மனசு வரவில்லை, அணைக்கவும் வரவில்லை.

"போ," என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்தது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. "நான் கத்துக்கறேன் ஃபோஸ்கோ. குதிரைங்களுக்கு ஆள் வெச்சுக்கலாம். திங்கக்கெழமைலேர்ந்து உன் கூடக் கீழ வரேன். ஒவ்வொரு தொட்டியா முகர்ந்து, என்ன தெரியுதோ அத அப்படியே சொல்றேன். தூக்கி நிறுத்த மாட்டேன். சத்தியமா. வெறும் மூக்கா இருக்கேன். போதுமா?"

பந்தலில் குளவி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஃபோஸ்கோ இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் அவனே வெட்கப்படுகிற அளவுக்குச் சின்னக் குரலில் வந்தது.

"வேண்டாம் நிவெஸ். மிரெல்லா இருக்கட்டும்."

மிரெல்லா சட்டென்று தலையைக் குனிந்தாள். ஆனால் அரை நொடி பிந்திவிட்டாள். குனிவதற்கு முன்னால் அந்த ஈர முகத்தில் வந்து போனதை நிவெஸ் பார்த்துவிட்டாள். பயம் இல்லை, வெட்கம் இல்லை. அப்பட்டமான சந்தோஷம்.

நிவெஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அறுவடை முடியட்டும்," என்றாள். "அதுவரைக்கும் யாரும் எங்கயும் போகவேண்டாம். அதுக்கப்புறம் இந்த வீட்டை விட்டு யாரு போறதுன்னு நான் சொல்றேன்."

இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். பத்தடி, இருபதடி, முதுகு வளையாமல். லாயத்துக்குள் போய்க் கதவைச் சாத்தியபிறகுதான் அழுதாள்.